கைண்ட் ஆஃப் ப்ளூ: 1959இன் தட்டு பிழைத்தட்டா?

கருந்தட்டு:

பல தட்டுகளை ஒரே பெட்டியில் அடக்கி விற்கும் பெட்டித் தொகுப்புகளைப் பற்றிய பேச்சில், மைல்ஸ் டேவிஸின் 1959 ஜாஸ் இசைத்தட்டான கைண்ட் ஆஃப் ப்ளூவைப் பற்றி நாடாநேசன் எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. “1992க்கு முன் கைண்ட் ஆஃப் ப்ளூ வாங்கியவர்கள் அந்த இசையைக் கேட்கவே இல்லை, பிழையான ஒரு தட்டைத்தான் கேட்டார்கள்” என்று போகிற போக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாலு பேர் அதற்குத் தலையாட்டவும் செய்திருக்கிறார்கள். அங்கேயே பதில் எழுதினால் யாரிடம் எந்தப் பெட்டி இருக்கிறது என்ற பெருமைப் பேச்சில் அது புதைந்துபோகும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் மூன்று உருப்படிகளைப் பதிந்தனர். அன்று முதன்மை நாடாப் பொறி சற்றே மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய பொறியில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இசை கொஞ்சம் விரைந்தும் சுருதி கொஞ்சம் ஏறியும் கேட்கும். ஆகவே தட்டின் முதல் பக்கத்தில் உள்ள ‘ஸோ வாட்’, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் க்ரீன்’ மூன்றும் கூடத்தில் வாசித்ததைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் வெளிவந்தன. ஏப்ரல் 22 அன்று பதிந்த இரண்டாம் பக்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாதுகாப்புக்காக உடன் ஓடிய மற்றொரு பொறியின் நாடா சரியாக இருந்ததால், அதைக் கொண்டு 1992இல் தங்கக் குறுந்தகடும் 1997இல் எல்லோருக்குமான மறுபதிப்பும் வந்தன.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 33 ஆண்டுகள் உலகம் கேட்டது விரைவாக ஓடும் அந்த முதல் பக்கத்தைத்தான். மைல்ஸ் 1991இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் கடைக்கு வந்ததும் அதுதான். ஜாஸ் இசையின் போக்கை மாற்றியது அந்தத் தட்டு. அதைப் பிழை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது நாடாநேசனிடம் தாராளமாக இருக்கிறது.

நாடாநேசன்:

என் வரியை முழுமையாக எடுத்துக்காட்டியமைக்கு நன்றி. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றப்போவதில்லை.

மைல்ஸின் குழுவில் இருந்த கோல்ட்ரேனும் ஆடர்லியும் பில் எவன்ஸும் பால் சேம்பர்ஸும் ஜிம்மி காபும் அன்று ஒரு சுருதியில் வாசித்தார்கள். அந்தச் சுருதியைப் பாதுகாப்பு நாடா சரியாகப் பிடித்து வைத்திருந்தது, தட்டு பிடிக்கவில்லை. நடுவில் ஒரு மோட்டார் சோர்ந்து ஓடியதைக் கலைஞனின் கையெழுத்தாக நீங்கள் கொண்டாடுகிறீர்கள். பழமை ஒன்றுதான் அசலுக்கு அடையாளம் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டாடுங்கள். முதல் பிரதிகளில் ‘ஆல் ப்ளூஸ்’, ‘ஃபிளமென்கோ ஸ்கெச்சஸ்’ என்ற இரண்டு தலைப்புகளும் இடம் மாறி அச்சாகியிருந்தன. அந்த அச்சுப் பிழையும் ஜாஸ் இசையின் போக்கை மாற்றியதா?

கருந்தட்டு:

தலைப்பு மாறினால் காதில் விழும் இசை மாறாது. வேகம் மாறினால் மாறும். இந்த வேறுபாடு புரியாதவரோடுதான் நான் விவாதித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி முதல் பக்கத்தின் வேகத்தைப் பற்றியது. அட்டையைப் பற்றியது அல்ல.

தாழ்சுருதி:

நான் டெனர் சாக்ஸஃபோன் வாசிப்பவன். ஒரு எளிய சோதனையைச் சொல்கிறேன், இருவரும் செய்து பாருங்கள். பழைய தட்டில் ‘ஸோ வாட்’டை ஓடவிட்டு, முன்னுரை முடிந்து பால் சேம்பர்ஸ் பேஸ் எனும் தாழ்ஸ்வர நரம்புக் கருவியில் கேள்வி கேட்க மற்றவர்கள் இரண்டு ஸ்வரங்களில் விடை சொல்லும் இடத்தில், சுருதி சேர்த்த பியானோவில் டி கட்டையை அழுத்துங்கள். தட்டின் ஒலி அந்தக் கட்டைக்குச் சற்று மேலே, டிக்கும் அடுத்த கட்டையான ஈ ஃபிளாட்டுக்கும் இடையில், எந்தக் கட்டையிலும் அடங்காமல் நிற்கும். அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் ஊதுவாயை உள்ளே தள்ளிக் கருவியின் சுருதியை ஏற்ற வேண்டும். தட்டைத் திருப்பி ‘ஆல் ப்ளூஸ்’ வந்ததும் மறுபடி வெளியே இழுக்க வேண்டும். ஒரே தட்டின் இரு பக்கங்களுக்கு இரண்டு சுருதிகளை எந்தக் குழுவும் விரும்பி வைத்துக்கொள்ளாது. பின்னால் வந்த திருத்திய பதிப்பில் பியானோக் கட்டையும் தட்டும் ஒன்றாக நிற்கின்றன. இசைக்கருவியைத் தொட்டவர்களுக்கு இதில் விவாதமே இல்லை.

கருந்தட்டு:

“இசைக்கருவியைத் தொட்டவர்களுக்கு” என்ற சொற்களை நான் கவனிக்காமல் விடவில்லை. கேட்பவனுக்குப் பேச உரிமையில்லை என்றால் இசைத்தட்டை எதற்காக அச்சிட்டு விற்றார்கள்? நீங்கள் சொல்லும் சோதனை என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஊதுவாயைத் தள்ளித் தள்ளி அந்தத் தட்டோடு வாசித்துப் பழகியவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். அவர்களுடைய ஜாஸ் அந்த வேகத்திலிருந்துதான் பிறந்தது. முதல் பக்கத்தின் வேகம் வரலாறு. வரலாற்றைத் திருத்த முடியாது.

ஊசிமுனை:

ராக் பக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பில் உள்ள ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ பாடல் மோனோ எனும் ஒற்றைத் தட ஒலிப் பதிப்பில் ஏறக்குறைய அரைச் சுருதி உயர்ந்தும் விரைந்தும் ஓடும். இரு தட ஒலியான ஸ்டீரியோவில் தாழ்ந்து மெதுவாக ஓடும். இரண்டும் 1967இல் வெளிவந்தவை, இரண்டும் முறையானவை. 2017இல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக ஸ்டீரியோக் கலவை செய்தபோது (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் கலவை) மோனோவின் வேகத்தையே எடுத்துக்கொண்டார். ஆகவே ஒரு பாடலுக்கு இரண்டு வேகங்கள் இருப்பதில் பெரிய குற்றமில்லை. சேகரிப்பவன் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கருந்தட்டு:

எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது. மோனோக் கலவையைப் பீட்டில்ஸ் உடனிருந்து உருவாக்கினார்கள். ஸ்டீரியோவுக்கு அவர்கள் அந்த அளவு மெனக்கெடவில்லை. அவர்கள் வேண்டுமென்றே வைத்த வேகத்தைத்தான் 2017இல் மீட்டார்கள்.

நாடாநேசன்:

இந்த வரியை எல்லோரும் ஒரு முறை படியுங்கள். “வேண்டுமென்றே வைத்த வேகத்தை மீட்டார்கள்” என்று கருந்தட்டே எழுதுகிறார். மார்ச் 2 அன்று பொறி மெதுவாக ஓடியது யார் வேண்டுமென்று வைத்த வேகம்? ஐம்பது ஆண்டு கழித்துப் பீட்டில்ஸுக்குச் செய்தால் மீட்பு, 33 ஆண்டு கழித்து மைல்ஸுக்குச் செய்தால் குற்றமா?

கருந்தட்டு:

மைல்ஸ் 1959இல் அந்தத் தட்டைக் கேட்டார். மாற்றச் சொல்லவில்லை. அது போதும்.

தாழ்சுருதி:

மாற்றச் சொல்லவில்லை என்பது ஒப்புதல் ஆகாது.

வரிசைஎண்:

முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று ஒரே தட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். சேகரிப்பு என்பது அதைவிடப் பெரியது. என்னிடம் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘யூரோப் ’72’ முழுப் பதிவுகளும் இருக்கின்றன. 22 நிகழ்ச்சிகள், 73 குறுந்தகடுகள், பயணப் பெட்டியின் வடிவில் செய்த உறை, மொத்தம் 7,200 பிரதிகளே வெளிவந்த தொகுப்பு. பாப் டிலனின் ‘கட்டிங் எட்ஜ்’ 18 குறுந்தகட்டுப் பதிப்பும் இருக்கிறது. அது 5,000 பிரதிகள் மட்டும். கைண்ட் ஆஃப் ப்ளூவின் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியையும் நீல நிறத் தட்டோடு அப்படியே வைத்திருக்கிறேன். இவற்றை வைத்திருப்பவன் ஒரு தட்டின் வேகத்துக்காகத் தூக்கம் கெடமாட்டான்.

கருந்தட்டு:

“அப்படியே வைத்திருக்கிறேன்” என்றால் மேலுறையைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார் என்று பொருள். எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டே பார்க்காதவருக்கு வேகத்தைப் பற்றித் தூக்கம் கெடாதது வியப்பில்லை. பெட்டியின் எண்ணைச் சொல்லத் தெரிகிறது, உள்ளே என்ன ஒலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மொசெய்க் நிறுவனத்தின் பெட்டி ஒன்றை இவரிடமிருந்துதான் மாற்றிக்கொண்டேன். மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் 1980களின் முற்பகுதியில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெட்டிகளுக்கு உயிரே உள்ளிருக்கும் பெரிய அளவுப் புத்தகம்தான்: எந்த நாள், எந்தக் கூடம், யார் வாசித்தார்கள், எந்தப் பதிவு முன்பு வெளிவரவில்லை என்று பதிவு வாரியாக எழுதியிருப்பார்கள். எனக்கு வந்த பெட்டியில் எண் இருந்தது, தட்டுகள் இருந்தன, புத்தகம் இல்லை.

வரிசைஎண்:

நான் அனுப்பியபோது புத்தகம் உள்ளே இருந்தது. இதை அன்றே சொல்லிவிட்டேன். எனக்குப் பதிலாக இவர் அனுப்பிய ப்ளூ நோட் நிறுவனத் தட்டைப் பற்றியும் பேசலாமா? “ருடி வான் கெல்டர் கையால் வெட்டியது”, அதாவது அச்சுக்கான மூலத் தட்டில் அந்த ஒலிப்பொறியாளரே பள்ளங்களைச் செதுக்கியது, என்று எழுதி அனுப்பினார். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில் வான் கெல்டர் முத்திரை இருந்தது, மெய்தான். ஆனால் அச்சிட்ட ஆலையைக் காட்டும் காது வடிவக் குறி இல்லை. அந்தக் குறி இல்லாவிட்டால் 1960களின் நடுவில் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கிய பின்னர் வந்த பிரதியாகத்தான் அது இருக்கும். முதல் அச்சைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்பவர் எனக்கு அனுப்பியது பிந்தைய அச்சு.

கருந்தட்டு:

அதை முதல் அச்சு என்று நான் எழுதவே இல்லை. வான் கெல்டர் வெட்டு என்று எழுதினேன், அது உண்மை. புத்தகம் எங்கே?

ஊசிமுனை:

வெற்றிடத்துக் குறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1969இல் ராபர்ட் லுட்விக் வெட்டிய ‘லெட் செப்பலின் II’ தட்டில், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஆர்.எல். என்ற இரண்டு எழுத்துகள் கீறலாகத் தெரியும். ‘ஹோல் லாட்டா லவ்’ தொடங்கியதும் பேஸ் ஒலி அத்தனை வன்மையோடு வரும். மலிவான கருவிகளில் ஊசி துள்ளியதால் அதை விலக்கிவிட்டு அடக்கமான வேறொரு வெட்டை அச்சிட்டார்கள். பின்னர் பலரும் வீட்டில் கேட்டது அந்த அடங்கிய வெட்டைத்தான். கருந்தட்டின் கணக்குப்படி அதிகம் பேர் கேட்டதுதான் அசல் என்றால், எல்லோரும் தேடி அலையும் ஆர்.எல். வெட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா?

கருந்தட்டு:

அதிகம் பேர் கேட்டது என்று நான் சொல்லவில்லை. முதலில் வந்தது என்று சொன்னேன்.

நாடாநேசன்:

“33 ஆண்டுகள் உலகம் கேட்டது” என்பது உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டித் தொகுப்பு என்றாலே பெருமைப் பேச்சு என்று தொடங்கினீர்களே, அதற்கும் பதில் சொல்கிறேன். பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் அரங்கில் வாசித்த ஐந்து சுற்றுகளும் 2005இல் மூன்று குறுந்தகடுகளில் வாசித்த வரிசைப்படி வந்தன. முதல் உருப்படி ‘க்ளோரியா’ஸ் ஸ்டெப்’. நடுவில் மின்சாரம் தடைப்பட்டு ஒலி அறுந்து மீண்டும் வருகிறது. அந்த அறுபட்ட பதிவை 1961இன் தட்டில் சேர்க்கவில்லை. பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரு நாளில், ஜூலை 6 அன்று, சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் விரல் பட்ட ஒவ்வொரு நொடியும் வேண்டும் என்பவனுக்கு அந்தப் பெட்டி ஆடம்பரம் அல்ல. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட வரிசையில் நாமும் கேட்கிறோம். உண்மைக்கு அருகில் போவது என்றால் அதுதான்.

கருந்தட்டு:

அந்தப் பெட்டி என்னிடமும் இருக்கிறது. ஆனால் 1961இல் வந்த ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ தட்டை எடுத்துப் பாருங்கள். அது ‘க்ளோரியா’ஸ் ஸ்டெப்’பில் தொடங்கி ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் முடிகிறது. இரண்டும் லஃபாரோ இயற்றியவை. இறந்த தோழனை முன்னிறுத்தி அமைத்த வரிசை அது. பெட்டி அதைக் கலைத்து அன்றைய நாட்குறிப்பாக மாற்றுகிறது. தட்டு என்பது தேர்ந்தெடுத்து அடுக்கிய படைப்பு. கிடைத்ததையெல்லாம் வரிசைப்படி கொட்டுவது ஆவணம். கைண்ட் ஆஃப் ப்ளூவின் முதல் பக்கமும் வெளிவந்த நாளில், வெளிவந்த வேகத்தில், முடிவடைந்த ஒரு படைப்பு.

தாழ்சுருதி:

வரிசையை ஒருவர் சிந்தித்து அமைத்தார். வேகத்தை ஒருவரும் சிந்தித்து அமைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறீர்கள்.

கருந்தட்டு:

இதற்கு முன்பே விடை சொல்லிவிட்டேன்.

நாடாநேசன்:

எங்கே? “மைல்ஸ் மாற்றச் சொல்லவில்லை” என்றதா விடை?

நாடாவிலிருந்து தட்டுவரை நடுவில் டிஜிட்டல் கலக்காத பழைய ஒப்புமைச் (அனலாக்) சங்கிலி அறுபடாத தட்டில்தான் உயிர் இருக்கிறது, அதைக் காதாலேயே கண்டுபிடிப்பேன் என்றும் இதே கருந்தட்டு சொல்லி வந்தார். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகளை அதற்குச் சான்றாகவும் காட்டினார். அவற்றில் பலவற்றுக்கு நடுவில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது என்பதை 2022இல் அந்த நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர்களே ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காதுதான் இன்று முதல் பக்கத்தின் வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது.

கருந்தட்டு:

நன்றாக ஒலித்தது என்றேன். இன்றும் நன்றாகவே ஒலிக்கிறது. ஏமாற்றப்பட்டவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

நீங்கள் கொண்டாடும் திருத்தல்காரர்கள் 1998இல் மைல்ஸின் ‘பிச்சஸ் ப்ரூ’வுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். நான்கு குறுந்தகட்டுப் பெட்டிக்காக, ஒலிகள் தனித்தனித் தடங்களில் பதிந்த பல்தட நாடாவுக்குப் போய்ப் புதிதாகக் கலவை செய்தார்கள். 1969 ஆகஸ்டில் நடந்த மூன்று நாள் பதிவோடு அதற்குப் பின் மாதக்கணக்கில் கழித்துப் பதிந்தவற்றையும் சேர்த்து “முழுமையான பிச்சஸ் ப்ரூ அமர்வுகள்” என்று அட்டையில் அச்சிட்டார்கள். தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கிய ஒலியை விட்டுவிட்டு வேறொன்றை விற்றார்கள். இன்று வேகத்தைத் திருத்தலாம் என்றால் நாளை கலவையைத் திருத்தலாம், மறுநாள் பெயரையே திருத்தலாம்.

நாடாநேசன்:

அந்தப் பெட்டியின் கலவை எனக்கும் பிடிக்கவில்லை. அது வேறு வழக்கு. சரியான வேகத்தில் ஓடிய நாடா ஒன்று இருந்தது, அதை எடுத்தார்கள். கைண்ட் ஆஃப் ப்ளூவில் நடந்தது இவ்வளவுதான்.

கருந்தட்டு:

வேறு வழக்கு இல்லை, ஒரே வழக்கு. முதல் பக்கத்தின் வேகத்தைத் தொட்ட கைதான் அதையும் தொட்டது.

ஊசிமுனை:

பீட்டில்ஸின் 2014 மோனோத் தட்டுகளைப் பழைய நாடாவிலிருந்து நேராக வெட்டினார்கள். 2012 ஸ்டீரியோப் பெட்டியை டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டினார்கள். வேகத்தைவிட இதுதான் பேச வேண்டிய பொருள் என்று நினைக்கிறேன்.

வரிசைஎண்:

என்னிடம் இரண்டு பெட்டிகளும் இருக்கின்றன.

கருந்தட்டு:

பிரித்தீர்களா?

வரிசைஎண்:

அது என் விருப்பம். நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன் என்ற பழியை இவர் முதலில் திரும்பப் பெறட்டும். அதுவரை இவர் எழுதும் எந்தத் தட்டின் எந்தப் பக்கத்தைப் பற்றியும் நான் இனிப் படிக்கப்போவதில்லை.