ஷாக் டனல்: பிட்டோ பொருந்துது, ஸ்டாட்டிக் அழுத்தம் மட்டும் ஏன் குறையுது?

காற்றோடி: முனைவர் பட்ட இரண்டாம் வருஷம். ரிஃப்ளெக்டட் ஷாக் டனலில் (அதிர்ச்சி அலையால் வாயுவைச் சூடாக்கி அதிவேகமாப் பாய்ச்சுற சோதனைக் குழாய்) காற்று, என்தால்பி (ஒரு கிலோவில் அடங்கின வெப்ப ஆற்றல்) 10 மெகாஜூல்/கிலோ. வேதிவினை உடனுக்குடன் முடியுற சமநிலை வாயுன்னு வச்சு நாசிலை (வாயு விரிஞ்சு வேகமெடுக்கிற குழல்) கணக்குப் போட்டேன். பிட்டோ அழுத்தம் (ஓட்டத்துக்கு நேர் எதிரே வச்ச குழாயில் அளக்கிறது) 3%-க்குள்ள வந்துடுச்சு. நாசில் சுவரில் அளந்த ஸ்டாட்டிக் (ஓடுற வாயு பக்கச் சுவரில் தர்ற அழுத்தம்) கணக்கைவிட 22% கம்மி. ஏழு ஷாட்டும் இதே கதைதான். எங்கே தப்பு பண்றேன்?

மணிவண்ணன்_78: டிரான்ஸ்டியூசர் (அழுத்த உணரி) வரை போற துளை நீளமா? ஓட்டமே ஒன்றிரண்டு மில்லிசெகண்டுதான், அழுத்தம் ஏறி நிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.

காற்றோடி: பாதியாக் குறைச்சும் பாத்துட்டேன் சார். அதே 22.

இதழ்த்தகடு: தம்பி, உங்க அளவீடு சரி. கணக்கில்தான் கோளாறு. பிரிஸ்பேனில் டி4-இல் ஆறு வருஷம் இருந்தவன் சொல்றேன். பொறியாளர் ரேமண்ட் ஸ்டாக்கர் 1987-இல் ஓட்டிக் காட்டிய டனல் அது. ஷாட் முடிஞ்சு குழாயைத் திறந்தா, எஃகு டயாஃப்ரம் (அழுத்தத்தில் கிழிஞ்சு திறக்கிற தகடு) நாலு இதழா விரிஞ்சு கிடக்கும், விளிம்பு தொட்டாச் சுடும். என் பேருக்குக் காரணம் அதுதான்.

நாசிலுக்கு முன்னாடி காற்று அடைபட்டுச் சூடாகும்போது ஆக்சிஜன் மூலக்கூறு உடையுது. முழுக்க உடைஞ்சா ஒரு கிலோ காற்றுக்கு ஏறக்குறைய 3.6 மெகாஜூல் அதிலேயே போயிடும். திரும்பச் சேர ரெண்டு அணு போதாது. மிச்ச ஆற்றலை வாங்கிக்க மூணாவதா ஒண்ணும் அதே நேரம் வந்து மோதணும். நாசிலில் அடர்த்தி பத்தில் ஒண்ணாச்சுன்னா ஒரு அணுவுக்கு அந்த வாய்ப்பு நூறில் ஒண்ணு. வாயு வெளியே ஓடிடும், அணு அணுவாவே நிக்கும். அந்த 'உறைஞ்ச' ஆற்றல் வெப்பமாத் திரும்பல, அதனால ஸ்டாட்டிக் அழுத்தம் இறங்குது. பிட்டோ கிட்டத்தட்ட அடர்த்தியும் வேகத்தின் வர்க்கமும் பெருக்கினது, இந்த வேதியியல் அதுக்குத் தெரியவே தெரியாது. பிட்டோ பொருந்தினதை மட்டும் நம்பித் திருப்திப்பட்டுக்கிட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன். நீங்க விடாம நோண்டினது ரொம்பச் சந்தோஷம்.

நம்பிக்கை வரலன்னா அதே என்தால்பியில் சுத்த நைட்ரஜன் போட்டு ஓட்டுங்க. அதன் பிணைப்பு ஆக்சிஜனைவிட ஏறத்தாழ ரெண்டு மடங்கு பலம், அவ்வளவு எளிதா உடையாது.

காற்றோடி: அண்ணா, இன்னிக்கு மூணு நைட்ரஜன் ஷாட். வித்தியாசம் 4%! நாசில் கணக்கை வினைவேகத்தோட திரும்ப எழுதுறேன். டனலில் வைக்கிற மாடல் மேல வெப்பப்பாய்வும் இந்த அணுக்களால மாறுமா?

இதழ்த்தகடு: நிச்சயமா மாறும். உலோகப் பரப்பில் அணுக்கள் சேர்ந்து அடக்கி வச்ச சூட்டை அங்கேயே கொட்டும். சிலிக்கா பூசினா கணிசமாக் குறையும். ஒரே மாடலில் பாதி உலோகம், பாதி சிலிக்கான்னு வச்சு ஒரே ஷாட்டில் அளந்து பாருங்க. அந்த மீதி 4%-க்கு நைட்ரஜனின் அதிர்வாற்றல் (மூலக்கூறு அதிர்றதில் தங்கின ஆற்றல்) உறையறதையும் கணக்கில் சேருங்க.