பந்தைப் பிடித்தபின் ஓடும் கெஜங்கள்: கல்லூரிக் கணக்கை என்.எஃப்.எல். டிராஃப்டில் நம்பலாமா?

கெஜக்கணக்கன்:
அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினால் போதும், "இவன் கையில் பந்து வந்துவிட்டால் பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக் மாதிரி ஓடுகிறான்" என்று பாஸ் பிடிக்கும் நாலைந்து ரிசீவர்களைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். கூடவே ஓர் எண்ணும் வரும்: பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் அதன்பின் சராசரியாக இத்தனை கெஜம் ஓடினான் என்று. கல்லூரி ஆட்டத்தில் எடுத்த அந்தச் சராசரியைக் குப்பையில் போட வேண்டும் என்பது என் கட்சி.

கோளாறு கணக்கு முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு நாலு கெஜம் பின்னால் ஒரு ஸ்கிரீன் பாஸை, அதாவது தடுப்பாளர்களுக்குப் பின்னால் எறியும் குறுகிய பாஸை, பிடித்து, கோட்டைத் தாண்டி ஆறாவது கெஜத்தில் விழுந்தால் அணிக்குக் கிடைப்பது ஆறு. பிடித்தபின் ஓடியதாக ரிசீவர் பெயரில் ஏறுவதோ பத்து. பதினைந்து கெஜம் உள்ளே போய், நெருக்கடியில் பந்தைப் பிடித்து, ஒருவரை உதறிவிட்டு மூன்று கெஜம் நகர்ந்தவனுக்கு ஏறுவது மூன்றுதான். இவர்களில் யார் நல்ல ஓட்டக்காரன்?

2022 டிராஃப்ட் இரவில் டெனசி டைட்டன்ஸ், ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வந்த 18ஆவது தேர்வில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் டிரெய்லன் பர்க்ஸை எடுத்தது. பர்க்ஸ் 225 பவுண்டு. டிராஃப்டுக்கு வந்தபோது பிரவுன் 226. முந்தைய கல்லூரிப் பருவத்தில் பர்க்ஸ் 66 பந்துகளில் 1,104 கெஜம் எடுத்திருந்தார். "அடுத்த பிரவுன்" என்றார்கள். முதல் ஆண்டில் பர்க்ஸ் எடுத்தது 444 கெஜம். அதே பருவத்தில் பிரவுன் ஃபிலடெல்ஃபியாவில் எடுத்தது 1,496.

நீலத்தொப்பி:
பர்க்ஸ் அந்த ஆண்டு கால்விரல் காயத்தால் பல ஆட்டங்களில் இறங்கவே இல்லை. அதைச் சொல்லாமல் இரண்டு எண்களை அடுத்தடுத்து வைப்பது வக்கீல் வேலை, நண்பரே.

உங்கள் அளவுகோலை அப்படியே பிடித்திருந்தால் டீபோ சாமுவேலையும் தள்ளிவிட்டிருப்பீர்கள். தென் கரோலினாவில் அவர் என்னவாக இருந்தார்? குறுகிய பாஸ்களை வாங்கி ஓடுகிறவர். எதிரணி உதைத்துத் தரும் கிக்ஆஃப் பந்தை நான்கு முறை டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) வரை கொண்டுபோனவர். 2019இல் 36ஆவது தேர்வாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது. 2021இல் பாஸ் பிடித்து 1,405 கெஜம். ரன்னிங் பேக் இடத்தில் நின்றும் ஓடி 365 கெஜம், எட்டு டச்டவுன். கல்லூரியில் பார்த்த அதே ஓட்டம். கண்ணால் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. எண்ணும் அதையே சொன்னது.

விதிப்புத்தகம்:
இருவரும் ஆட்டக்காரனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மைதானத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மைதானத்தின் அகலம் இரண்டு மட்டத்திலும் 160 அடி. ஆனால் ஒவ்வொரு முறையும் பந்தை வைக்கும் இடத்தின் இரு எல்லைகளான ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாஷ் கோட்டில் பந்து வைக்கப்பட்டால், கல்லூரியில் அகலமான பக்கத்தில் 100 அடி திறந்து கிடக்கும். தொழில்முறை ஆட்டத்தில் ஏறக்குறைய 89 அடி. அந்தப் பதினோரு அடியில்தான் பல பேருடைய "பிடித்தபின் ஓட்டம்" குடியிருக்கிறது.

அடுத்தது தடுப்பு. கோட்டைத் தாண்டாத பாஸ் என்றால், கல்லூரியில் பந்து காற்றில் இருக்கும்போதே சக ரிசீவர்கள் முன்னால் போய் எதிராளிகளைத் தடுக்கலாம். என்.எஃப்.எல்.லில் கோட்டுக்கு ஒரு கெஜத்துக்கு அப்பால் அப்படிச் செய்தால் நடுவரின் தண்டனைக் கொடி விழும். முன்வரிசைக்காரர்களுக்கும் இதே கதை: பாஸ் ஆட்டத்தில் கல்லூரியில் மூன்று கெஜம்வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு கெஜம்தான். தொழில்முறை ஆட்டத்தில் இதே பையன் பந்தைப் பிடிக்கும்போது அவனுக்கு முன்னால் பாதை இன்னும் திறந்திருக்காது.

நேர்மைக்காக ஒன்று: எதிர்ப்பக்கம் போகும் விதியும் இருக்கிறது. கல்லூரியில் முழங்கால் தரையில் பட்டால் யாரும் தொடாவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. என்.எஃப்.எல்.லில் வழுக்கி விழுந்தவன், யாரும் தொடுவதற்குமுன் எழுந்து ஓடலாம். ஆனால் இதில் மிஞ்சுவது சில்லறை.

நீலத்தொப்பி:
ஐயா, விவரம் அருமை. ஆனால் அந்த 40 அடி எல்லாக் கல்லூரிக்காரர்களுக்கும் பொதுதானே? டிராஃப்டில் நாம் கல்லூரிக்காரனை இன்னொரு கல்லூரிக்காரனோடுதான் ஒப்பிடுகிறோம். எல்லாருக்கும் ஒரே சலுகை கிடைத்தால் வரிசை மாறாது.

கெஜக்கணக்கன்:
எல்லாருக்கும் ஒரே சலுகை கிடைப்பதில்லை. சில பயிற்சியாளர்கள் அந்த அகலத்தை வைத்தே ஆட்டத்தை நடத்துகிறார்கள். சிலர் தொடுவதே இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் டவான் ஆஸ்டின் 2012இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 344 கெஜம் பந்தோடு ஓடினார். ஊரே வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டு ராம்ஸ் அவரை எட்டாவது தேர்வாக எடுத்தது. தொழில்முறை வாழ்க்கையில் அவருடைய சிறந்த ரிசீவிங் பருவம் 509 கெஜம். அவருக்கு வேகம் குறைவா? 40 கெஜத்தை 4.34 விநாடியில் ஓடியவர். அவருக்குக் கிடைக்காமல் போனது அந்த வெளி.

மூன்றாம்சுற்று:
வேகத்தைப் பற்றி யாராவது வாயைத் திறப்பார்கள் என்று காத்திருந்தேன். டிராஃப்டுக்கு முன் நடக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைன் சோதனையில் கவசம் இல்லாமல், பந்து இல்லாமல், நேர்கோட்டில் ஓடுவதற்கும் இந்த விவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜான் ராஸ் 2017இல் 4.22 ஓடினார், ஒன்பதாவது தேர்வாகப் போனார், பிறகு எடுபடவே இல்லை. அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் 69ஆவது தேர்வு. 2021இல் அதே கப் 145 பந்துகள், 1,947 கெஜம், 16 டச்டவுன். மூன்றிலும் லீகில் முதலிடம்.

வீடியோவில் நான் பார்ப்பது பிடித்த பிறகு வரும் முதல் இரண்டு காலடிகள். பந்து கைக்கு வரும்போதே இடுப்பு திரும்பத் தொடங்கிவிட்டதா, அல்லது நின்று, பந்தை அணைத்து, பிறகுதான் திரும்புகிறானா? கல்லூரியில் நின்று திரும்பினாலும் நேரம் இருக்கும். என்.எஃப்.எல்.லில் அந்த அரை விநாடியில் எதிரணித் தடுப்பாளனான லைன்பேக்கர் வந்து சேர்ந்துவிடுவான். உடலை விட்டுக் கையை நீட்டிப் பிடிக்கிறவன் ஓட்டத்தை நிறுத்தாமல் போவான். மார்பில் அணைத்துப் பிடிக்கிறவன் வேகத்தை இழப்பான்.

இன்னொன்று, முதல் ஆளைத் தாண்டும் விதம். பக்கவாட்டில் துள்ளித் துள்ளி மூன்று பேரை ஏமாற்றுவது யூடியூபுக்கு நல்லது. ஃபுளோரிடாவின் கடாரியஸ் டோனி அதில் மன்னர். அவரை 2021இல் ஜயன்ட்ஸ் 20ஆவது தேர்வாக எடுத்து, அடுத்த ஆண்டே கேன்சஸ் சிட்டிக்குக் கொடுத்துவிட்டது. நான் விரும்புவது, தோளில் அடி வாங்கியும் கால் தடுமாறாமல் நேராக முன்னால் போகிறவனை. பிரவுனும் சாமுவேலும் அந்த ரகம்.

பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கையும் மறக்காதீர்கள். ஸ்லான்ட், அதாவது குறுக்காக உள்பக்கம், ஓடுகிறவனுக்கு அரை அடி முன்னால் பந்து வந்தால் இருபது கெஜம். முதுகுக்குப் பின்னால் வந்தால் பிடித்த இடத்திலேயே படுக்கை. இரண்டும் ரிசீவர் பெயரில்தான் பதிவாகிறது.

நீலத்தொப்பி:
டோனியைச் சொல்கிறீர்கள். சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதியாட்டம்) வரலாற்றிலேயே நீளமான பன்ட் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுவது), 65 கெஜம், அவருடையது. ஓட்டம் பொய்யில்லை. அவருடைய சிக்கல் உடம்பிலும் பந்தைப் பிடிப்பதிலும்.

இதைத்தான் நான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறேன். நீங்கள் காட்டும் தோல்விகளில் பெரும்பாலானவற்றில் ஓட்டத்தை மதிப்பிட்டது சரியாகவே இருந்தது. மற்றதை மதிப்பிட்டதுதான் தவறு. கார்டரல் பேட்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் 29ஆவது தேர்வுக்காக மின்னசோட்டா நான்கு தேர்வுகளை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்தது. ரிசீவராக அவர் எடுபடவில்லை. ஆனால் கிக்ஆஃப் ரிட்டர்னில் ஒன்பது டச்டவுன், லீக் சாதனை. 2021இல் அட்லாண்டா அவரை ரன்னிங் பேக்காக நிறுத்தியபோது ஓடி 618 கெஜம், பாஸ் பிடித்து 548 கெஜம். அவர் ஓட்டக்காரர் என்று சொன்ன, வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட் பொய் சொல்லவில்லையே?

மூன்றாம்சுற்று:
பொய் சொல்லவில்லை, வேறு ஓட்டத்தைப் பார்த்துவிட்டார். கிக்ஆஃப் பந்தை எடுப்பவன் எதிராளிகளைப் பார்த்தபடி நிற்கிறான். முன்னால் பல கெஜம் வெற்றிடம். பாஸ் பிடிக்கிறவன் பெரும்பாலும் எதிராளிக்கு முதுகைக் காட்டியபடியோ பக்கவாட்டிலோ இருக்கிறான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். ரிட்டர்ன் ஓட்டம் நன்றாக இருந்தால் போனஸ். அதை வைத்து முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிக்க மாட்டேன்.

கெஜக்கணக்கன்:
செலவு என்றதும் ஒரு வரிசை கண்ணில் படுகிறது. சாமுவேல் 36ஆவது தேர்வு. பிரவுன் 51. கொலராடோவின் லவிஸ்கா ஷெனால்ட் 42. பர்டியூவின் ராண்டேல் மூர் 49. மிசூரியின் லூதர் பர்டன் 39. இரண்டாம் ஆண்டில் 1,212 கெஜம் எடுத்து, அடுத்த ஆண்டில் 676க்கு இறங்கி, 2025இல் சிகாகோவுக்குப் போனவர். எல்லாரும் "பிடித்தால் ஓடுவான்" ரகம். எல்லாரும் இரண்டாம் சுற்று. ஸ்கவுட்கள் வாயால் என்ன சொன்னாலும், இந்தத் திறமைக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை இது. ஆஸ்டினுக்கும் பர்க்ஸுக்கும் அதற்கு மேல் கொடுத்தார்கள், கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நீலத்தொப்பி:
அந்த விலையில் நான் ஒவ்வோர் ஆண்டும் வாங்குவேன். உங்கள் வரிசையில் முதல் இருவர் கிடைத்தால், ஷெனால்ட் நஷ்டத்தைத் தாராளமாகத் தாங்குவேன்.

மூன்றாம்சுற்று:
வாங்குங்கள். ஆனால் கோட்டுக்குப் பின்னால் பிடித்த பந்துகளை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். ஒரு மணி நேர வீடியோ பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டால், அது மூன்றாம் சுற்று ஆள்.

விதிப்புத்தகம்:
அந்தப் பத்து நிமிடத்திலும், ஹாஷ் கோட்டின் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று பாருங்கள். குறுகிய பக்கத்தில் பிடித்து, எல்லைக்கோட்டை ஒட்டி ஏழு கெஜம் எடுக்கிறவனுக்கு நான் இரண்டாம் சுற்றையே தருவேன்.