தம்பிக்கு கோல்ஃப் கிளப்ல அசிஸ்டன்ட் ப்ரோ வேலை, விடலாமா வேணாமா?

செந்தூல்_வாணி:

வணக்கம் மக்களே. கோல்ஃப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளு நான், ஏடாகூடமா கேட்டா திட்டாதீங்க. தம்பிக்கு 22 வயசு, சின்னதுலேர்ந்து ரேஞ்சே (பந்து அடிச்சிப் பழகுற எடம்) கதின்னு கெடக்குறவன், ஹேண்டிகேப் 2ன்னு சொல்றான், அந்த எண் கொறஞ்சா நல்ல ஆட்டக்காரனாம். இப்ப கோலாலம்பூர்ல ஒரு கிளப்ல அசிஸ்டன்ட் ப்ரோவா கூப்பிட்டிருக்காங்க, அடுத்த வாரம் சைன் பண்ணணும். அம்மா ஒரே புலம்பல், பணக்காரனுக்கு பை தூக்கவா உன்ன டிப்ளோமா வரைக்கும் படிக்க வச்சேன்னு. இவன் என்னடான்னா அமெரிக்கால யாரோ அசிஸ்டன்ட் ப்ரோவா இருந்தே விருது வாங்குனத போன்ல காட்டி, பாருக்கா நானும் இப்படி வருவேங்கிறான். டிவில வர்ற போட்டி எதுலயும் ஆடாத ஆளுக்கு எதுக்கு விருது குடுக்குறாங்க? இதுல முன்னேற வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க பிளீஸ்.

ரேஞ்ச்_குமார்:

அக்கா, நான் இந்த வேலையிலதான் இருக்கேன், கிளப் பேரு வேணாம். பை தூக்குறது கேடி, அது வேற தொழில், அதுலயும் கேவலம் ஒண்ணும் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அசிஸ்டன்ட் ப்ரோன்னா ஹெட் ப்ரோவுக்கு (கிளப்போட தலைமை கோச்) கீழ எல்லாத்தையும் இழுத்துப் போட்டு செய்யிற ஆளு. இருட்டோட வந்து ப்ரோ ஷாப் தொறக்கணும், டீ டைம் ஷீட் (எந்த குரூப் எப்ப ஆட்டத்த ஆரம்பிக்குதுங்கிற பட்டியல்) பாக்கணும், பக்கி (கோல்ஃப் வண்டி) சார்ஜ் ஏறியிருக்கான்னு பாக்கணும், மொத குரூப்ல ஒரு டத்தோ வரலன்னா அந்த எடத்துல யாரப் போடுறதுன்னு சமாளிக்கணும், அப்புறம் பாடம், நடுவுல கணக்கு, ஸ்டாக், மெம்பர் போட்டி இருந்தா ஸ்கோர். சாயந்தரம் நாலு மணிக்கு நம்ம ஊரு இடி மழை வரும், சைரன் அடிச்சி எல்லாரையும் உள்ள கொண்டாந்துட்டா, எப்ப தொறப்பேன்னு நம்மளத்தான் புடிச்சி கேப்பாங்க, மேகத்துக்கு நான்தான் மேனேஜர் போல.

கிரிப் (மட்டையோட கைப்பிடி ரப்பர்) மாத்துறதும் நம்ம கையிலதான். பழைய ரப்பர கத்தியால கீறி உரிச்சிட்டு, ஒட்டிக்கிட்டு இருக்குற பழைய டேப்ப ஒரு துளி விடாம சொரண்டி எடுத்து, புது ரெண்டு பக்க டேப் சுத்தி, சால்வென்ட்ட கிரிப்புக்குள்ள ஊத்தி குலுக்கி டேப் மேல விட்டு ஒரே தள்ளா தள்ளணும். பாதியில தயங்கினா அங்கேயே புடிச்சிக்கும். காயிறதுக்குள்ள கோடு நேரா இருக்கான்னு பாத்து திருப்பி விடணும். கோணலா போட்டா அந்த மெம்பர் அடுத்த மாசம் ஃபுல்லா ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டுல வளைஞ்சி போறது) அடிச்சிட்டு நம்மளத்தான் திட்டுவாரு.

விருது விஷயம். நம்ம ஆளுங்க ப்ரோன்னாலே டிவில ஆடுறவங்கன்னு நெனச்சிக்கிறாங்க. அமெரிக்கால டூர் ஆடுறவங்க 1968லயே தனியா பிரிஞ்சிட்டாங்க, பிஜிஏ ஆஃப் அமெரிக்காங்கிறது கிளப்ல வேலை பாக்குறவங்க, சொல்லிக் குடுக்குறவங்க சங்கம். அதுக்கு 41 செக்‌ஷன் இருக்கு, வருசா வருசம் அசிஸ்டன்ட்டுக்குன்னு தனி விருது குடுப்பாங்க. ஆட்டத்தையும் பாப்பாங்க, ஆனா ஜூனியர் பசங்கள எப்படி வளத்தாரு, மெம்பர எப்படி கவனிச்சாரு, சங்கத்துக்கு என்ன செஞ்சாருங்கிறதுதான் பெருசு. அதுக்கப்புறம் ஃபர்ஸ்ட் அசிஸ்டன்ட், ஹெட் ப்ரோ, டைரக்டர் ஆஃப் கோல்ஃப்னு போற பாதை. உங்க தம்பி காட்டுனவரும் அந்தப் பாதையிலதான் நிக்கிறாரு, டைகர் வுட்ஸ் பாதையில இல்ல.

கிள்ளான்_சிவா:

குமார் சொன்னது சரி ஆனா சம்பளத்த பத்தி மூச்சே விடல பாத்தீங்களா, ஹாஹா. அக்கா சைன் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க, அவன் கிளப் ஸ்டாஃபா இல்ல ஃப்ரீலான்ஸா? ஸ்டாஃபுன்னா சட்டப்படி கொறஞ்சது 1,700 வெள்ளி (ரிங்கிட்), இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் உண்டு, சம்பளம் 5,000 வெள்ளிக்கு கீழ இருந்தா மொதலாளி இபிஎஃப்ல 13 விழுக்காடு போடணும். ஃப்ரீலான்ஸ்னா பாடம் எடுத்தாத்தான் காசு, மழை பேஞ்சா பூஜ்ஜியம், இபிஎஃப் அவனே போட்டாத்தான் உண்டு. இபிஎஃப்போட ஐ-சாரான் திட்டத்துல போட்டா அரசாங்கம் 20 விழுக்காடு சேத்துக் குடுக்கும், வருசத்துக்கு 500 வெள்ளி வரைக்கும், அதையாவது விட வேணாம்னு சொல்லுங்க. பாடம் எடுக்குற காசுல கிளப்புக்கு எவ்ளோ, அவனுக்கு எவ்ளோன்னும் எழுத்துல இருக்கணும். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வாய் பேச்ச நம்பி ஒரு எடத்துல சேந்தான், மாசக் கடைசியில கழிச்சி கழிச்சி பெட்ரோல் காசுதான் மிஞ்சிச்சி.

இன்னொண்ணு, இந்த பசங்க மைக்கல் ப்ளாக்னு ஒரு அமெரிக்க கிளப் ப்ரோவோட வீடியோ பாத்துட்டு கனவு காணுறாங்க. 2023 பிஜிஏ சாம்பியன்ஷிப், ஓக் ஹில் கோர்ஸ்ல, கடைசி நாளு டூர் ஸ்டார் மெக்கில்ராய் கூட ஆடி 15ஆவது குழியில ஹோல் இன் ஒன் (ஒரே அடியில குழிக்குள்ள), 15ஆவது எடத்துல முடிச்சி 288,333 டாலர். நானும் கத்துனேன்தான், இல்லேங்கல. ஆனா அவருக்கு அப்ப 46 வயசு, கலிஃபோர்னியால ஒரு கிளப்ல ஹெட் ப்ரோ, அந்த போட்டியில கிளப் ப்ரோவுக்குன்னு ஒதுக்குறதே 20 எடம்.

ஜிஞ்சாங்_ராஜன்:

வாணி, நான் ரிட்டயர்டு ஆளும்மா, வாரத்துல ரெண்டு நாள் ஆடுவேன். யாரும் சொல்லாத ஒண்ண சொல்றேன். தம்பி மாநில அமெச்சூர் (தொழிலா இல்லாம ஆடுறவங்க) போட்டி ஏதும் ஆடுறானா? கிளப் ப்ரோ வேலையில சேந்தாலே அமெச்சூர் தகுதி போயிடும், காசு வாங்கி பாடம் எடுத்தாலும் அப்படித்தான். 2022ல ரூல்ஸ எளிசாக்கி எழுதுனாங்க, பரிசு 1,000 அமெரிக்க டாலர் வரைக்கும் அமெச்சூர் வாங்கலாம்னு கூட விட்டுட்டாங்க, ஆனா இந்த ரெண்டும் மாறல. திரும்ப அமெச்சூர் ஆகணும்னா மனு போட்டு காத்திருக்கணும். சின்ன வயசுல இத யோசிக்காம சைன் பண்ணிட்டு அப்புறம் மாநில டீம்ல எடுக்கலன்னு அழுவுறத நான் பாத்திருக்கேன்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ராயல் சிலாங்கூர் 1893ல ஆரம்பிச்ச கிளப், அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க உள்ள போனா கேடியாவோ புல்லு வெட்டவோதான் போயிருப்பாங்க. அப்புறம் மாரிமுத்து ராமையா மாதிரி ஆளுங்க நாட்டுக்கே ஆடுனாங்க. இப்ப மெம்பருக்கே நின்னு சொல்லிக் குடுக்குற எடத்துக்கு நம்ம வீட்டுப் புள்ள போறான். அவங்க கோவப்பட வேண்டிய விஷயமா இது?

செந்தூல்_வாணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராஜன் அங்கிள், ஆமா, சிலாங்கூர் டீம் ட்ரையல்ஸ்னு (தேர்வு) ஏதோ சொல்லிட்டிருந்தான், நீங்க சொன்னத படிச்சி காட்டுனதும் மொகம் மாறிடுச்சி, இதப்பத்தி கிளப்ல யாரும் வாயே தொறக்கலையாம். குமார், ஹேண்டிகேப் 2க்கு ப்ரோ டெஸ்ட் பாஸ் ஆவானா?

ரேஞ்ச்_குமார்:

அமெரிக்கால எப்படின்னா, ஒரே நாள்ல 36 குழி, கோர்ஸ் ரேட்டிங்க (நல்ல ஆட்டக்காரரு அந்த கோர்ஸ்ல எத்தன அடியில முடிப்பாருங்கிற எண்) ரெண்டால பெருக்கி 15 கூட்டுனா அதுதான் டார்கெட், அத்தன அடிக்குள்ள முடிக்கணும். ரேட்டிங் 72ன்னா 159. கணக்குப்படி ஹேண்டிகேப் 2 ஆளுக்கு லேசு. ஆனா நம்ம வெயில்ல ரெண்டாவது ரவுண்டு 14ஆவது குழியில, இன்னும் நாலு ஷாட்தான் கையில இருக்குன்னு தெரிஞ்சி புட்டர (குழிக்குள்ள தள்ளுற மட்டை) புடிச்சா கை நடுங்கும் பாருங்க, அங்கதான் முக்காவாசி பேரு கவுந்துடுறாங்க. இங்க என்ன டெஸ்ட், எத்தன லெவல், ஃபீஸ் எவ்ளோன்னு பிஜிஏ மலேசியாவுலயே நேரா கேக்கச் சொல்லுங்க, கிளப் ஃபீஸ் கட்டுமான்னும் கேக்கணும். ட்ரையல்ஸ் எப்பன்னு மொதல்ல பாருங்க அக்கா, அது முடியிற வரைக்கும் தேதி தள்ளி வைக்கச் சொல்லி கிளப்ல பேசலாம், நெசமா வேணும்னா காத்திருப்பாங்க.

கிள்ளான்_சிவா:

காத்திருக்க மாட்டேன்னு சொன்னா இங்க வந்து சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்ச ரேஞ்ச் ரெண்டு மூணுல ஆள் தேடுறாங்க.