ஆர்கன் பெஞ்சிலேயே வயசானவங்க: கண்ணால் பார்த்த ஒரு காட்சியைப் போடுங்க

பெடல்போர்டு:
கிறிஸ்துமஸ் காலை நாலரை மணி ஆராதனை. தென்சென்னையில் ஒரு சபை, பேர் வேண்டாம். எலக்ட்ரானிக் ஆர்கன், எழுபது தாண்டின ஐயா. துணிப்பையிலிருந்து மெல்லிய தோல் அடி வைத்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டுதான் பெஞ்சில் ஏறினார். ரப்பர் அடி பெடலில் ஒட்டிக்கொள்ளும், நகர்த்த முடியாது. அகலமான செருப்பென்றால் ஒரே மிதியில் இரண்டு பெடல் அமுங்கும். பாமாலை (மேற்கத்திய மெட்டில் பாடும் ஆராதனைப் பாட்டு) ஈ-பிளாட் ஸ்ருதியில் அச்சாகியிருக்கிறது, உச்ச சுரமும் மேல் ஈ-பிளாட். அந்த நேரத்தில் அது எந்தத் தொண்டையில் ஏறும்? ஐயா புத்தகத்தைத் திறக்கவே இல்லை, நேரே மூன்று அரைச்சுரம் கீழே, சி-யில் எடுத்தார். மூன்றாம் சரணத்தில் பெடலிலிருந்து காலைத் தூக்கிவிட்டு, எட்டடி ஃபுளூட் என்ற மெல்லிய ஒலி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதுவரை ஆர்கனுக்கு அடியில் கிடந்த சபையின் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. இன்னும் அதே நினைப்பு.

வேப்பேரி கீபோர்டு:
சி-யில் வாசித்தார் என்று எப்படிச் சொல்றீங்க? டிரான்ஸ்போஸ் பட்டனில் (விரல் மாறாமலே ஸ்ருதியை ஏற்றி இறக்குவது) −3 வைத்துவிட்டு விரல் ஈ-பிளாட்டிலேயே ஓடியிருக்கும். அது பாவமும் இல்லை. அடுத்த பாட்டுக்கு முன்னால் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறப்பதுதான் வம்பு. ஒரு கன்வென்ஷன் மேடையில் நடந்தது: கிட்டார்காரர் ஜி பிடிக்கிறார், கீபோர்டுகாரர் விரலும் ஜி-தான், ஸ்பீக்கரில் வருவது ஈ. இரண்டு வரி வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டே வாசித்தார்கள். பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி "பூஜ்யமா?" என்று எழுதி வையுங்க, போதும்.

ஆல்ட்டோ வரிசை:
பட்டனா விரலா என்ற சண்டையே டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தில் சுரம் எழுதும் முறை) படித்தவர்களுக்குக் கிடையாது. டோ எங்கே என்று பிட்ச் பைப்பில் ஊதிவிட்டால் தீர்ந்தது. பழைய கொயர் மாஸ்டர் ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு குரலுக்கான பார்ட்டும் எழுதிக் கொடுப்பார். தாளத்துக்குத் தாளம் முக்காற்புள்ளி, அரைத் தாளத்துக்கு ஒற்றைப் புள்ளி, நீட்டலுக்குக் கோடு. பாட்டின் நடுவில் ஸ்ருதி மாறி டோ இடம்பெயரும் இடத்தில் பழைய சுரத்தைச் சின்னதாக எழுதி, ஒட்டினாற்போல் புது சுரத்தைப் பெரிதாக எழுதுவார்: சின்ன சோ, பெரிய டோ. ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) தடுக்கி விழுவது அங்கேதான். சோ என்று நினைத்துத் தொடங்கி டோ என்று நினைத்து முடிக்கணும், சத்தம் ஒன்றேதான். அந்த இடம் வந்ததும் மோதிரத்தால் பெஞ்சில் ஒரு தட்டு தட்டுவார். பிரதான ஆராதனையிலும் தட்டினார், ஆயர் திரும்பிப் பார்த்தார்.

துருத்தி:
எல்லோரும் பாமாலையையே பேசுறீங்க. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளை இன்றைக்கும் சென்னைச் சபைகளில் பாடுகிறோம், அதற்கு ஆர்கன் எதுக்கு? நீங்க சொல்ற ஈ-பிளாட் எங்களுக்கு இரண்டரைக் கட்டை, சி ஒரு கட்டை. ஆர்மோனியத்தில் கமகம் வராது என்பது உண்மைதான். ஆல் இந்தியா ரேடியோவே 1940-இல் தடை போட்டு 1971 வரை ஒதுக்கித்தான் வைத்திருந்தது. ராயபுரம் பக்கம் ஒரு பெரியவர், பல்லவி முடியும் இடத்தில் கட்டையை விட்டுவிட்டுத் துருத்தியை மட்டும் லேசாக அழுத்திப் பிடித்திருப்பார். அடுத்த சுரம் காற்றுக்குக் காத்திருக்காமல் உடனே பேசும்.

இதையும் கேட்டுக்கோங்க, ஆர்மோனியப் பெட்டியைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். கடலோரச் சபைகளில் உப்புக்காற்றில் பித்தளை நாக்கு (ரீடு, காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்புவது) களிம்பேறும். ஒரு சுரம் பேசவில்லை என்றால் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் தூசி நிற்கிறது, மெல்லிய தாளை நுழைத்து இழுங்க. மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது, பின்னாலேயே தூசி வந்து அப்பும். சுரம் இறங்கியிருந்தால் நாக்கின் நுனியில் ஒரே ஒரு சுரண்டல், ஏறும். ஏறியிருந்தால் ரிவெட் பக்கம், அடியில் சுரண்டணும், இறங்கும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ரீடை மாட்டி வாசித்துப் பாருங்க. சுரண்டின பித்தளை திரும்ப வராது. நவம்பரில் கட்டை எழும்பாமல் நின்றால் அது மரம் ஊதியது, தட்டாதீங்க. சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு உள்ளே போட்டு ஒரு வாரம் விடுங்க. வாங்கும்போது எல்லா ஸ்டாப்பையும் (காற்று வழியைத் திறந்து மூடும் குமிழ்) மூடித் துருத்தியை விரியுங்க. புஸ்ஸென்று அடங்கினால் தோல் போச்சு, விலை பேசவே வேண்டாம்.

எட்டடி பிரின்சிபல்:
அண்ணே, கேட்டது ஒரு காட்சி, நீங்க ஒர்க்‌ஷாப்பே திறந்துட்டீங்க. பைப் ஆர்கன் பக்கம் வாங்க. பிரசங்கத்துக்கு நடுவில் யாரும் தொடாமலே ஒரு சுரம் ஊளையிட ஆரம்பித்தது. இதை சைஃபர் என்போம்: காற்றடைப்பான் முழுசாக மூடவில்லை, அடியில் தூசி இருக்கும், இல்லை மழைக்கால ஈரத்தில் உப்பின மரம் இறுகியிருக்கும். ஆர்கனிஸ்ட் அம்மா பதறவில்லை. ஸ்டாப்பை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார், எதில் சத்தம் நின்றதோ அதைக் குறித்துக்கொண்டார். பின்பக்கம் போய் அந்த ஒரு குழாயைத் துளையிலிருந்து தூக்கித் துணிமேல் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மீதி ஆராதனை முழுக்க அந்த ஒரு சுரம் மட்டும் கிடையாது.

சபைக்கு ஏசி போடும் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. ஃபுளூ குழாயின் (நாக்கு இல்லாமல் புல்லாங்குழல் போல் பேசுவது) ஸ்ருதி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் ஏறும், நூறு சென்ட் ஓர் அரைச்சுரம். 24 டிகிரியில் ஸ்ருதி சேர்த்துவிட்டு 33-இல் வாசித்தால் 27 சென்ட், அரைச்சுரத்தில் கால்வாசிக்கும் மேல். நாக்கு வைத்த ரீடு குழாய் அந்த அளவுக்கு நகராது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் கேட்க முடியாது. ஸ்ருதி சேர்க்க வருபவருக்கு ஆராதனை நேரத்து வெப்பநிலையைக் கொடுங்க, ஃபேனை நிறுத்துங்க.

அண்ணா சாலை கிரேடு:
1842-இல் தொடங்கிய அண்ணா சாலை இசைக் கடையான மியூசி மியூசிக்கலில் டிரினிட்டி (லண்டன் இசைக் கல்லூரி) தேர்வு எழுதி எட்டாம் கிரேடு தாண்டினவர்கள் கொயர்களில் நிறைய உண்டு. சவ ஆராதனை எந்தக் கிரேடிலும் வராது. ஆர்கனின் வலது ஓரத்தில் பைக் கண்ணாடி ஒன்றைக் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தார் ஒருவர். வாசலுக்கு முதுகு காட்டித்தானே உட்கார வேண்டும்? சவப்பெட்டி நகர்வதைக் கண்ணாடியில் பார்த்தபடி கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வேகம், தூக்குகிறவர்களின் நடை. பெட்டி வாசற்படியில் இறங்கின பிறகுதான் முடிவு சுரம்.

வேப்பேரி கீபோர்டு:
எல்லாம் சரி, என் கேள்விக்குப் பதில் வரலையே. பட்டனா, விரலா?

பெடல்போர்டு:
அவசரத்தில் பாதியை விட்டுட்டேன் பிரதர். நாலாம் சரணத்தில் கரண்ட் போச்சு. ஆர்கன் அடங்கியது, சபை நிற்காமல் பாடியது. ஜெனரேட்டர் ஓடி ஆர்கன் எழுந்தபோது ஐந்தாம் சரணம் பாதி. அந்த ஆர்கனை அணைத்துப் போட்டால் டிரான்ஸ்போஸ் தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பட்டனை நம்பியிருந்தால் ஈ-பிளாட்தான் வெடித்திருக்கும். துணை இல்லாமல் பாடினதில் சபையும் சி-யிலிருந்து அரைச்சுரம் நழுவியிருந்தது. ஐயா தலையைச் சாய்த்து ஒரு வரி கேட்டார், பிறகு பி-யில் வந்து சேர்ந்தார்.