‘லேர்னிட்’ என்ற சொல்லை எங்கே போடுவது? மகளின் மேடைப் பேச்சுக்கு உதவி வேண்டும்

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் படிவம் ஐந்து. வருகிற சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடி மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு விழா. மலாய், சீனக் குடும்பங்களும் வருவார்கள் என்பதால் ஆங்கிலத்தில் அறிவிப்புச் செய்யும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் எழுதியதில் மூன்று இடத்தில் ‘லேர்ண்ட்’ (learned) என்ற சொல் வருகிறது.

ஓய்வு பெற்ற தமிழ் விரிவுரையாளர்தான் சிறப்பு விருந்தினர். அவரைப் பற்றி ‘ஹி இஸ் எ லேர்ண்ட் மேன்’. பரிசு வாங்கும் ஆறாம் ஆண்டுப் பையனைப் பற்றி ‘ஹி இஸ் எ வெரி லேர்ண்ட் பாய்’. பிறகு இதே மண்டபத்தில் அவளும் மற்றப் பிள்ளைகளும் சின்ன வயதில் வாரக் கடைசி வகுப்புக்கு வந்ததைப் பற்றி ‘வீ ஆர் லேர்ண்ட் இங்கிலீஷ் இன் திஸ் ஹால்’.

டியூஷன் ஆசிரியர் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் சிவப்புக் கோடு போட்டு ‘தவறு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் தவறு என்று ஒரு வரி கூட இல்லை. பிள்ளை இரண்டு நாளாக மேடையே வேண்டாம் என்கிறாள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், ஆங்கிலம் வேலைக்குப் போன இடத்தில்தான் வந்தது. அகராதியில் ‘கற்ற, படித்த’ என்று போட்டிருக்கிறது. அந்தப் பையன் படித்த பையன்தானே, அப்புறம் என்ன தவறு? இன்னொன்று, பக்கத்து வீட்டு அங்கிள் அதை ‘லேர்னிட்’ என்று சொல்ல வேண்டும் என்கிறார், ஆனால் கைப்பேசியில் தட்டிக் கேட்டால் ‘லேர்ண்ட்’ என்றுதான் வருகிறது. யாரை நம்புவது?

செந்தூல் தம்பி:
அக்கா, கைப்பேசிக்கு நீங்கள் எந்த ‘லேர்ண்ட்’டைக் கேட்கிறீர்கள் என்று தெரியாது. ஒற்றைச் சொல்லாகத் தட்டினால் பெரும்பாலும் வினைச்சொல்லைத்தான் வாசிக்கும். ‘எ லேர்னிட் மேன்’ என்று முழுசாகத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நல்ல அகராதிச் செயலியில் பெயரடை என்ற பகுதிக்குப் போய் அங்கே இருக்கும் ஒலிபெருக்கிக் குறியை அழுத்துங்கள். அங்கிள் சொன்னது சரி.

பி.எம். டீச்சர்:
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதுகிறேன் அம்மா, முப்பது வருஷம் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள். முதலில் மகளிடம் சொல்லுங்கள், இது அவள் கவனக்குறைவால் வந்த தவறு இல்லை. தமிழில் ‘படித்த’ என்ற ஒரே சொல்லை நாம் பல வேலைக்கு வைத்திருப்பதால் வருகிற குழப்பம் இது, என் வகுப்பில் வருஷா வருஷம் பார்த்தது.

வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ‘படிக்கிற பிள்ளை’ என்றால் புத்தகமும் கையுமாக இருக்கிற பிள்ளை, அது ஆங்கிலத்தில் ‘ஸ்டூடியஸ்’. ‘படிச்ச குடும்பம்’ என்றால் பள்ளி, கல்லூரி பார்த்த குடும்பம், அது ‘எஜுகேட்டட்’. ‘கற்றறிந்தவர்’ என்று நாம் எல்லாரையும் சொல்வதில்லை. எட்டு ‘ஏ’ எடுத்த பையனைப் பார்த்து யாராவது ‘கற்றறிந்த பையன்’ என்று சொல்வோமா? ‘லேர்னிட்’ அந்தக் கற்றறிந்தவர்தான். பல வருஷம் ஒரு துறையில் ஊறியவருக்குத்தான் அது பொருந்தும்.

தனிநாயகம் அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல மொழி அறிந்தவர், மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கியவர், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றவர். அவரை ‘எ லேர்னிட் மேன்’ என்றால் அந்தச் சொல் நிறைவாக உட்காரும். உங்கள் விருந்தினருக்கும் அப்படியே போடலாம். எதில் கற்றவர் என்றும் சேர்த்தால் இன்னும் நல்லது: ‘லேர்னிட் இன் தமிழ் கிராமர்’.

மூன்றாவது வாக்கியம் வேறு கதை. அங்கே வேண்டியது பெயரடையே இல்லை, வினைச்சொல். ‘ஆர்’ என்பதை எடுத்துவிட்டு ‘வீ லேர்ண்ட் இங்கிலீஷ் இன் திஸ் ஹால்’ என்றால் போதும். ‘நாங்கள் படித்தவர்கள்’ என்று மனதில் ஓடுவதால் அந்த ‘ஆர்’ உள்ளே வந்துவிடுகிறது. எழுதும்போது கடைசியில் ஈ-டி போட்டாலும் டீ போட்டாலும் பிரிட்டிஷ் வழக்கில் சரி. ஆனால் விருந்தினருக்கான சொல்லுக்கு ஈ-டி மட்டும்தான்.

ஜாலான் டூத்தா கிராணி:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன், ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கு வாரம் மூன்று நாள் கோப்பு தூக்குகிறேன். அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘மை லேர்னிட் ஃபிரெண்ட்’ என்பார்கள், மலாயில் ‘ராக்கான் பிஜாக்சானா’. எவ்வளவு சூடான வாதம் என்றாலும் அந்த மரியாதை விடுபடாது. உயர்நீதிமன்ற நீதிபதியை ‘யாங் ஆரிஃப்’ என்று அழைப்பதிலும் அறிவுள்ளவர், கற்றவர் என்ற பொருள்தான் இருக்கிறது. இரண்டு அசையாக, ‘லேர்’ என்பதை அழுத்தி ‘னிட்’ என்பதை லேசாக விடச் சொல்லுங்கள் தங்கச்சியை.

செந்தூல் தம்பி:
அப்படியென்றால் டீச்சர், மனோவியல் பாடத்தில் ‘லேர்ண்ட் பிஹேவியர்’ என்று வருகிறதே, அதுவும் பெயரடைதானே? எங்கள் விரிவுரையாளர் அதை ஒரே அசையாகத்தான் சொல்வார்.

பி.எம். டீச்சர்:
நல்ல கேள்வி தம்பி. அது பழகி வந்த நடத்தை, பிறவியில் வந்தது இல்லை. கற்றுக்கொள்ளப்பட்ட விஷயத்துக்கு ஒரு அசை, கற்ற மனிதருக்கு இரண்டு அசை. ‘லேர்னிட் சொசைட்டி’ என்று அறிஞர் சங்கத்தைச் சொல்லும்போதும் இரண்டுதான். வயதுக்கும் இதே மாதிரி உண்டு: ‘அன் ஏஜிட் மேன்’ என்றால் இரண்டு, ‘ஏஜ்ட் செவன்ட்டி’ என்றால் ஒன்று. ‘லேர்ன்’ என்ற வினைக்குப் பழைய ஆங்கிலேயர்கள் ‘சொல்லிக் கொடு’ என்றும் பொருள் வைத்திருந்தார்கள், அதிலிருந்து வந்ததுதான் இந்த லேர்னிட், நன்றாகக் கற்பிக்கப்பட்டவர். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம், கற்றவருக்குப் பின்னால் ஒரு ஆசிரியர் நிற்கிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
டீச்சர், உங்கள் பதிலை மகளே உட்கார்ந்து வாசித்தாள். ‘படிக்கிற பிள்ளை, படிச்ச குடும்பம்’ என்ற இடத்தில் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பையனுக்கு ‘ஸ்டூடியஸ்’ போடலாமா என்று கேட்கிறாள். அவன் அப்பாவோடு காலையில் நாசி லெமாக் கடையில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறான்.

பி.எம். டீச்சர்:
போடலாம். ஆனால் அந்தக் கடை விஷயத்தை ஏன் விட வேண்டும்? அவன் அப்பா அம்மா கீழே உட்கார்ந்து கேட்பார்கள். ‘ஹி ஹெல்ப்ஸ் அட் த ஸ்டால் எவ்ரி மார்னிங், அண்ட் ஹி இஸ் ஸ்டில் த மோஸ்ட் ஸ்டூடியஸ் பாய் ஐ நோ’ என்று எழுதச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
எழுதிவிட்டாள். இப்போது கண்ணாடி முன்னால் நின்று ‘லேர்னிட், லேர்னிட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், அங்கிளையும் கூப்பிட்டுக் கேட்க வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் மிக்க நன்றி.