மூன்று தவணை ஊசி போட்ட பிறகும் பேத்தி மூக்கில் நியுமோகாக்கஸ். பதில் சொல்லுங்கள்!

தெற்குமாசி வீதித் தாத்தா:
நேற்று இங்கே ஒத்தக்கடை மாணவன் என்பவர், "பி.சி.வி. போட்ட குழந்தையை நியுமோகாக்கஸ் நெருங்கவே நெருங்காது" என்று எழுதியிருந்தார். நியுமோகாக்கஸ் என்பது நியுமோனியாவைக் கொண்டுவரும் கிருமி, அதைத் தடுக்கத்தான் இந்த பி.சி.வி. ஊசியாம். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. என் பேத்திக்கு ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணையும் போட்டாயிற்று. அட்டை என் கையில் இருக்கிறது. இப்போது இரண்டு வயது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டு ஓடுகிறாள். போன மாதம் ஓர் ஆய்வுக்காக அங்கன்வாடிக்கு வந்தவர்கள் அவள் மூக்கில் மெல்லிய பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துப் போனார்கள். முடிவுத் தாளில் "நியுமோகாக்கஸ் உள்ளது" என்று அச்சடித்திருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். ஊசி போட்ட பிறகும் கிருமி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அந்த ஊசி வீண்தான்.

ஒத்தக்கடை மாணவன்:
ஐயா, நான் எழுதியது நோயைப் பற்றி. கிருமி மூக்கில் தங்குவது வேறு, நோய் வேறு. 1880-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஸ்டெர்ன்பெர்க் தம் சொந்த எச்சிலை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் செத்தன, அவர் நலமாக இருந்தார். இந்தக் கிருமியை முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர். நலமாக இருப்பவர் தொண்டையில் அது குடியிருக்கும் என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி.

தெற்குமாசி வீதித் தாத்தா:
"நெருங்கவே நெருங்காது" என்றுதான் எழுதினீர்கள். நோய் என்ற சொல்லே அங்கே இல்லை. முயல் கதை வேண்டாம், தம்பி. இருக்கிறதா, இல்லையா?

புதன்கிழமை நர்சம்மா:
இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். 31 வருடம் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் ஊர் ஊராக நடந்தவள் சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கம் பிறந்து சில மாதங்களுக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் மூக்கில் இந்தக் கிருமி ஏறிவிடும். மூத்த பிள்ளை பால்வாடியிலிருந்து கொண்டுவரும், சின்னதுக்கு முத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். அநேகமாக ஒன்றும் செய்யாது, சில வாரங்களில் தானே போய்விடும். எப்போதாவது ஒரு குழந்தைக்கு அது நுரையீரலுக்கு இறங்கும், ரத்தத்தில் கலக்கும், மூளைச் சவ்வுக்கு ஏறும். ஊசி அந்த இறக்கத்தை மறிக்கத்தான்.

இன்னொன்று. நியுமோகாக்கஸ் ஒரே கிருமி அல்ல. மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையை வைத்து 90-க்கு மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். நம் அரசு ஊசிகளில் ஒன்று 10 வகைக்கு, இன்னொன்று 13 வகைக்கு. உங்கள் பேத்தியின் தாளில் எந்த வகை என்று போட்டிருக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.

தெற்குமாசி வீதித் தாத்தா:
"இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை நர்சம்மா:
எந்த வகை?

மேலூர் வயல்காரர்:
எங்கள் வீட்டில் ஏழு பேர். ஒருவருக்கும் இந்த ஊசி கிடையாது. உரைமருந்தும் தாய்ப்பாலும்தான். எல்லாரும் திடமாக வயலில் நிற்கிறோம். மூக்கில் இருக்கும் கிருமிக்குத் தொடையில் ஊசி என்பதே எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை நர்சம்மா:
ஏழு பேர் பிறந்தீர்களா, ஏழு பேர் தங்கினீர்களா?

மேலூர் வயல்காரர்:
பிறந்தது ஒன்பது. எங்கள் அம்மா இன்றைக்கும் அந்த இரண்டு பேரைச் சொல்லி அழுவார். அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? போன மாதம் குடிநீர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் வீட்டுக்குள் புகுந்து பேசினீர்கள்.

புதன்கிழமை நர்சம்மா:
குடிநீர் விவாதத்தில் நான் சொன்னது சரி. அதை அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

எனக்கும் ஒரு வீடு நினைவில் இருக்கிறது. ஏழு மாதக் குழந்தை. தாய் மடியில் கிடக்கிறது, பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 68. அந்த வயதில் 50-ஐத் தொட்டாலே நியுமோனியா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினோம். செக்கானூரணி தாண்டும்போது எண்ணுவதற்கு மூச்சு இல்லை. தாய்க்கு அது தெரியவில்லை. பஸ் காற்று படக் கூடாதென்று முந்தானையால் போர்த்திக்கொண்டே வந்தாள். அப்போது இந்த ஊசி நம் கையில் இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாக வந்தது 2021 ஜூலையில். அதைப் போய் வீண் என்கிறீர்களே, எனக்குப் பொறுக்கவில்லை.

தெற்குமாசி வீதித் தாத்தா:
வருந்துகிறேன். ஆனால் அந்தக் குழந்தைக்கு வந்தது நியுமோகாக்கஸ்தான் என்று யார் சோதித்தது? வைரஸாக இருக்கலாம், வேறு கிருமியாக இருக்கலாம். கண்ணீரைக் காட்டிக் கணக்கை மறைக்கக் கூடாது. என் பேத்திக்குச் சோதித்த தாள் இருக்கிறது.

புதன்கிழமை நர்சம்மா:
யாரும் சோதிக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் சோதித்தார்கள்? சரி, சோதித்த தாளைத்தான் நானும் கேட்கிறேன். எந்த வகை?

அண்ணாநகர் அம்மா:
ஐயா, என் மகன் 2019-இல் பிறந்தான். அப்போது இந்த ஊசி அரசு நிலையத்தில் இங்கே இல்லை. தனியார் கிளினிக்கில் ஒரு தவணைக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய். நான்கு தவணை. இரண்டாவது தவணைக்கு மோதிரத்தை அடகு வைத்தேன். இன்று இலவசமாகக் கிடைப்பதால் உங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை.

தெற்குமாசி வீதித் தாத்தா:
தனியாரில் நான்கு, அரசில் மூன்று. எது சரி? ஒரே ஊசிக்கு இரண்டு கணக்கா?

அண்ணாநகர் அம்மா:
நான்கு போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று என் டாக்டர் சொன்னார்.

புதன்கிழமை நர்சம்மா:
அம்மா, மூன்று போதாது என்ற பேச்சை இங்கே கிளப்பாதீர்கள். இரண்டு தவணை, பிறகு ஒன்பதாம் மாதம் ஊக்கத் தவணை என்பது உலக சுகாதார நிறுவனமும் ஏற்ற முறை. நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்பதற்காக என் பெட்டியில் இருந்தது தரம் குறைந்ததாகிவிடாது.

அண்ணாநகர் அம்மா:
நான் எப்போது தரம் குறைவு என்றேன்? உங்கள் பக்கம் பேச வந்தவளிடமே பாய்கிறீர்கள்.

ஒத்தக்கடை மாணவன்:
தாத்தா கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 2000-இல் 7 வகை ஊசியைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த வகைகளால் வரும் கடும் நோய் குறைந்தது. காரணம், பேரப்பிள்ளைகளின் மூக்கிலிருந்து அந்த வகைகள் போய்விட்டன. ஊசி மூக்கிலும் வேலை செய்கிறது. காலியான இடத்தில் ஊசியில் இல்லாத வகைகள் வந்து உட்கார்ந்தன, அதுவும் உண்மை. அதனால்தான் மூக்கை மட்டும் பார்த்தால் கிருமி குறையாதது போலவே தெரியும்.

தெற்குமாசி வீதித் தாத்தா:
ஆக, கிருமி குறையவில்லை.

புதன்கிழமை நர்சம்மா:
எந்த வகை? ஐந்தாம் முறை கேட்கிறேன்.

தெற்குமாசி வீதித் தாத்தா:
நான்காம் முறைதான். எண்ணத் தெரிந்தவர் சரியாக எண்ணுங்கள். தாளில் ஓரத்தில் சிறிய எழுத்தில் "15பி" என்று இருக்கிறது. எண் எதுவானால் என்ன? மேலே கொட்டை எழுத்தில் நியுமோகாக்கஸ் என்றுதானே இருக்கிறது?

புதன்கிழமை நர்சம்மா:
15பி நம் பத்திலும் இல்லை, பதின்மூன்றிலும் இல்லை! ஊசி எந்த வகைகளுக்குப் போட்டதோ அவற்றில் ஒன்றுகூட உங்கள் பேத்தியின் தாளில் இல்லை. ஊசி வீண் என்பதற்கு ஆதாரமாக நீங்கள் தூக்கிப் பிடித்த தாள் அதைக் காட்டவே இல்லை, ஐயா.

ஒத்தக்கடை மாணவன்:
20 வகை ஊசியில் 15பி இருக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் குழந்தைகளுக்கும் அனுமதித்துவிட்டார்கள்.

தெற்குமாசி வீதித் தாத்தா:
அப்படி வாருங்கள் வழிக்கு! அமெரிக்கக் குழந்தைக்கு 20, என் பேத்திக்கு 10. இதைத்தான் மூன்று நாளாகக் கேட்கிறேன்.

புதன்கிழமை நர்சம்மா:
நீங்கள் இதைக் கேட்கவே இல்லை. கேட்டது "இருக்கிறதா, இல்லையா". இந்த 10 வகையும் சும்மா எடுத்த எண் அல்ல. நம்மைப் போன்ற நாடுகளில் குழந்தைகளை அதிகம் வீழ்த்தும் வகைகளாகப் பார்த்துப் புனேயில் செய்தது. 2020 டிசம்பரில் வெளிவந்தது. அது வந்ததால்தான் விலை இறங்கியது. நீங்கள் ஒரு வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் இரண்டாவது பேரனுக்குப் போட்டாயிற்றா?

தெற்குமாசி வீதித் தாத்தா:
என் மகள் என்னிடம் கேட்காமல் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அது வீட்டு விஷயம்.

மேலூர் வயல்காரர்:
பார்த்தீர்களா, மறுபடியும் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்.

வில்லாபுரம் புது அப்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு வரும் புதன்கிழமை ஆறு வாரம் முடிகிறது. ஒரே நாளில் இரண்டு தொடையிலும் ஊசி என்றார்கள். பி.சி.வி. இடது தொடையா?

புதன்கிழமை நர்சம்மா:
வலது. ஐந்து நோய்க்கான ஊசிதான் இடது. காலையிலேயே போங்கள், அட்டையை மறக்காதீர்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

அண்ணாநகர் அம்மா:
என் மகனுக்கு இடது தொடையில்தான் போட்டார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை நர்சம்மா:
தனியாரில் எந்தத் தொடையில் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் நிலையத்தில் வலது.

தெற்குமாசி வீதித் தாத்தா:
எந்தத் தொடை என்பதிலேயே உங்களுக்குள் ஒத்துவரவில்லை. போகட்டும். போட்ட பிறகும் மூக்கில் கிருமி இருந்ததா, இல்லையா?

புதன்கிழமை நர்சம்மா:
15பி இருந்தது.