பொருள்: 'ஸ்கோப்பிங்' என்பதற்கு என்ன போடலாம்? (கடலோர வெள்ள இடர் வரைபடக் கையேடு)

மொழிபெயர்ப்பாளர், நல்லூர்:
வணக்கம். பிரதேச செயலகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். முதல் அத்தியாயத் தலைப்பிலேயே நிற்கிறேன். எந்த வெள்ளம், எந்தக் கரை, எவ்வளவு துல்லியம், யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று வேலைக்கு முன்பே முடிவெடுக்கும் கட்டம்தான் 'ஸ்கோப்பிங்'. 'நோக்கெல்லை வகுத்தல்' என்று போட்டேன். ஆனால் அதே பக்கத்தில் ஆய்வு எல்லை, பிரதேச எல்லை, வெள்ள எல்லை எல்லாம் வருகின்றன. வாசிப்பவர் உடனே கோடு கீறத் தொடங்கிவிடுவார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வேலணை:
தம்பி, 'வரைவு' கையிலேயே இருக்கிறதே. தொல்காப்பியத்தில் 'வரையார்' என்றால் 'நீக்கார்' என்று உரைகாரர் சொல்வார்கள். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதுதானே உங்கள் கட்டம்? அகப்பொருளில் வரைவு திருமணம். 'வரைவு கடாதல்' என்றால் "எப்போது மணம் செய்யப் போகிறாய்?" என்று தோழி தலைவனை நெருக்குவது. உங்கள் அச்சகக்காரரும் இப்போது அதைத்தான் செய்கிறார். இன்னொன்று: 'கடலோர வெள்ளம்' என்று ஏன் சப்பென்று? 'கொடுங்கடல் கொள்ள' என்று இளங்கோ பாடியிருக்கிறார். 'கடல்கோள் வரைபடம்' என்று துணிந்து போடுங்கள்.

நில அளவையாளர், பருத்தித்துறை:
சேர், வரைபடம் ஒரு வரை, இறுதியாகாத அறிக்கை ஒரு வரைவு, இப்போது இதுவும் வரைவா? 'வரைபட வரைவின் வரைவு' என்று எழுதினால் என் அலுவலகத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

கடல்கோள் வேண்டவே வேண்டாம். கடல் கொண்டால் நிலம் போனதுதான். இங்கே பேசுவது ஏறி வடியும் தண்ணீர். அதிலும் எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி. 2004 சுனாமி மணற்காட்டுப் பக்கம் ஏறியது கடல். 2008 நவம்பரில் நிஷா புயலோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் நின்றது மழைவெள்ளம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல் தள்ளிவந்த கடல். மூன்றையும் ஒரே நிறத்தில் தீட்டினால் அந்தப் படத்தால் யாருக்கு என்ன பயன்? தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பாருங்கள். உவர்நீர் உள்ளே வராமல் மறிக்கவும் மழைவெள்ளத்தைக் கடலுக்கு விடவும் அதே கதவுகள்தான். மழையும் கடல் உயர்வும் ஒரே இரவில் வந்தால், கதவைத் திறந்தும் வடியாது. அந்தச் சேர்க்கையைக் கணக்கில் எடுப்பதா இல்லையா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் உயரம். நில அளவையில் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். கடற்பயண வரைபடங்களில் ஆழத்தைத் தாழ்நீர் மட்டத்திலிருந்து குறிப்பார்கள். இரண்டையும் அப்படியே ஒட்டினால் கரையில் ஒரு பொய்ப் படி உருவாகும். நம் கடலில் வற்றுப்பெருக்கே ஒரு மீற்றருக்குள்தான், அதனால் அரை மீற்றர் பிழையும் பெரிது. இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவில் சில மீற்றர் பிழை வரலாம். தீவுப் பகுதி போன்ற தட்டையான நிலத்துக்கு அது ஆகாது. லைடார் (விமானத்திலிருந்து லேசரால் நில உயரம் அளப்பது) எடுக்கக் காசு உண்டா என்று கேட்காமல் துல்லியத்தை வாக்களிக்கக் கூடாது.

கட்டடக்கலை மாணவி, கோண்டாவில்:
வீடு கட்டமுன் காணியில் இடம் குறித்து நிலையம் எடுப்போமே? எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று எல்லாம் அப்போதே முடிவாகும். 'நிலையமெடுத்தல்' நன்றாக இல்லையா?

நில அளவையாளர்:
தங்கச்சி, அழகுதான். ஆனால் 'வெள்ள வரைபட நிலையமெடுத்தல்' என்றால் புதுக் கட்டடம் திறக்கிறார்கள் என்று ரிப்பன் வெட்ட ஆள் வரும்.

மென்பொருள் தமிழாக்குநர், சென்னை:
'திட்ட வரம்பு' எல்லோருக்கும் புரியும். கூடவே உங்கள் 'அனர்த்தம்', 'முகாமைத்துவம்' இரண்டையும் 'பேரிடர்', 'மேலாண்மை' என்று மாற்றிவிடுங்கள்.

தமிழாசிரியர்:
அனர்த்தம் வடமொழி என்று எனக்கும் தெரியும் ஐயா. மாவட்டச் செயலகப் பலகையில் அதுதான் இருக்கிறது. வெள்ளம் வந்த அன்று சனம் தேடிப்போகும் கதவில் ஒரு பெயர், கையேட்டில் வேறு பெயர் என்றால் யாருக்கு நட்டம்? மேலும் அபாயத்தையும் அதனால் வரும் இழப்பையும் 'இடர்' ஒன்றாலேயே சொல்லி, பெரிதானால் 'பேர்' சேர்ப்பது சிக்கனம்தான், தெளிவு அல்ல.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, நேரமில்லை. 'நோக்கெல்லை வகுத்தல்' நிற்கட்டும், கீழே சிறிய எழுத்தில் 'முதலில் முடிவெடுக்க வேண்டியவை' என்று போடுகிறேன். மற்ற எல்லைகளைத்தான் மாற்றினேன்: ஆய்வு எல்லை 'ஆய்வுப் பரப்பு', வெள்ள எல்லை 'வெள்ளம் எட்டும் கோடு'. '100 ஆண்டு வெள்ளம்' என்று எங்கும் தனியே விடவில்லை. ஒருமுறை வந்தால் இனி நூறு வருடத்துக்கு வராது என்று படிப்பார்கள். 'ஆண்டுதோறும் 1% வாய்ப்புள்ள வெள்ளம்' என்று நீட்டி, 30 வருடத்தில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26% ஆகும் என்றும் சேர்த்திருக்கிறேன். நாலு பேர் சம்மதம், ஒருவர் மௌனம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர்:
மௌனம் இல்லை. 'எட்டும் கோடு' நல்ல சொல். ஆனால் 'வகுத்தல்' கணக்குப் பாடத்தில் பிரித்தல் அல்லவா? 'வரைதல்' என்று மாற்ற ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது.